ஒரே முகவரிக்கு 12 முறை போனோம்: பிரச்சினையைத் தீர்ப்பது எப்போது நம் அன்றாட வேலையாகும்?

நிழற்குடை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். 17 வருடமாகக் காவல் பணியில் இருக்கிறேன், இப்போது ஒரு நிலையத்துக்குப் பொறுப்பு. ரொம்ப நாளாக மனதை அரிக்கிற ஒன்றை இங்கே வைக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மாதத்தில் ஒரே முகவரியிலிருந்து 12 அழைப்புகள். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இரவில் சத்தம் போட்டுச் சண்டை. முதல் 11 முறையும் வேறு வேறு ஆட்கள் போனார்கள். எல்லாரும் "இரு தரப்புக்கும் அறிவுரை கூறி அனுப்பப்பட்டது" என்று எழுதி முடித்தார்கள். அவர்கள் மீது குறை சொல்ல மாட்டேன். போனார்கள், பேசினார்கள், கைகலப்பு ஆகாமல் தடுத்தார்கள், அடுத்த அழைப்புக்கு ஓடினார்கள். 12ஆவது அழைப்பு வந்தபோது ஆள் இல்லை, நானே போனேன். போகும் முன் பழைய பதிவுகளை எடுத்து வரிசையாகப் படித்தேன்.

எல்லாமே வார இறுதி. எல்லாமே இரவு 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில். அங்கே போய்ப் பார்த்தால், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சந்தின் இரும்புக் கதவில் பூட்டு உடைந்து கிடக்கிறது. பின்தெருவில் மதுக்கூடம் மூடியதும் வெளியே வருகிறவர்கள் குறுக்குவழியென்று அந்தச் சந்தில் புகுந்து, கதவைப் படாரென்று அடித்துச் சாத்திவிட்டுப் போகிறார்கள். தூக்கம் கெட்ட இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். கட்டட உரிமையாளரிடம் பேசிப் பூட்டு போட வைத்தோம். அதற்குப் பிறகு அங்கிருந்து அழைப்பே இல்லை.

இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. 12 பதிவையும் யாராவது ஒருவர் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அது தற்செயலாக நடந்தது என்பதுதான் எனக்கு உறுத்தல். ஆள் பற்றாக்குறை இல்லாமல் இருந்திருந்தால் இன்னொருவர் போய் 12ஆவது முறையும் அறிவுரை சொல்லிவிட்டு வந்திருப்பார்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் 1979இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் ஒரு பேருந்து சேவை. நிறுத்தத்தில் வரிசையில் நிற்கும் மக்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு ஓட்டுநர்கள் நிற்காமல் போகிறார்கள். புகார் போனால் கிடைத்த விளக்கம், ஆளேற்ற நின்றால் கால அட்டவணையைக் காப்பாற்ற முடியாது என்பது. காவல் துறையும் இப்படித்தான் ஆகிவிட்டது என்றார் அவர். எத்தனை வண்டி ஓடியது, எத்தனை நிமிடத்தில் போனோம் என்று கணக்குப் பார்க்கிறோம், எதற்காகப் போனோமோ அது சரியானதா என்று பார்ப்பதில்லை. அதற்கு மாற்றாக அவர் சொன்னதுதான் பிரச்சினை மையக் காவல்: திரும்பத் திரும்ப வரும் அழைப்புகளுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைத் தேடித் தீர்ப்பது.

என் நிலையத்தில் இதற்கு இரண்டு முறை பயிற்சி வகுப்பு நடந்தது. எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். மறுநாள் காலை எல்லாம் பழையபடி. கோப்பு அலமாரியில் இருக்கிறது. யாராவது இதை வழக்கமான வேலையாக மாற்றிக் காட்டியிருக்கிறீர்களா? எப்படி?

---

பழைய_ரோந்து

சார், 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்க ஆதங்கம் புரியுது. ஆனா உள்ளதைச் சொல்றேன்.

நான் பீட்ல (ஒதுக்கின ரோந்துப் பகுதியில) இருந்தப்ப ஒரு வண்டி நிறுத்துமிடத்துல மாசத்துக்கு அஞ்சாறு பைக் காணாமப் போகும். ரெண்டு வழி இருக்கு, ஒண்ணுல மட்டும்தான் ஆள் உட்கார்ந்திருப்பார். இன்னொண்ணு வழியா யார் வேணா எதை வேணா தள்ளிட்டுப் போகலாம். அந்த வழியை அடைச்சுட்டா போதும்னு மூணு பேரா எழுதிக் கொடுத்தோம். கூட்டத்துல மேலதிகாரி அதைப் படிச்சார். படிச்சுட்டு, "இந்த மாசம் எத்தனை பேரைப் பிடிச்சே?"ன்னு கேட்டார். பதில் இல்ல. பக்கத்து நிலையத்துல ரெண்டு பேரைப் பிடிச்சிருந்தாங்க, அவங்களுக்குப் பாராட்டு.

அதுக்கப்புறம் நான் எழுதிக் கொடுக்கிறதை நிறுத்திட்டேன். இன்னிக்கு நினைச்சாலும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்கு எனக்குத் தெளிவாப் புரிஞ்சது. திருட்டு நடக்காமப் பண்ணினா அதுக்குக் கணக்கு கிடையாது. நடந்த பிறகு பிடிச்சாத்தான் கணக்கு. வகுப்பு எத்தனை நடத்தினாலும் கூட்டத்துல கேட்கிற கேள்வி மாறாம ஒண்ணும் மாறாது சார்.

---

வரைபடக்காரி

பழைய ரோந்து ஐயா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஒரு காவல் அமைப்பில் குற்றத் தரவுப் பகுப்பாய்வு என் வேலை. சீருடை இல்லாத ஆள், அதனால் வெளியிலிருந்து பார்க்கிற கோணமும் கொஞ்சம் உண்டு.

எது எண்ணப்படுகிறதோ அதுதான் வேலை என்று ஆகிவிடும். ரோந்தையே பாருங்கள். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 1972–73இல் 15 பீட்டுகளை எடுத்து மூன்று வகையாகப் பிரித்தார்கள். சிலவற்றில் ரோந்தே இல்லை, அழைத்தால் மட்டும் போவார்கள். சிலவற்றில் வழக்கமான அளவு. சிலவற்றில் இரண்டு மூன்று மடங்கு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குற்ற அளவிலும் மக்களின் பயத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனாலும் இன்றுவரை வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதி வாங்குகிற இடங்கள் உண்டு. ரோந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோக்கம் இல்லாமல் சுற்றுவதில் பயன் குறைவு என்கிறேன்.

அடுத்து நிழற்குடை சாரின் 12 அழைப்பு. அது விதிவிலக்கு அல்ல. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு வருட அழைப்புகளைக் குற்றவியல் அறிஞர் லாரன்ஸ் ஷெர்மனும் உடன் ஆய்வாளர்களும் அலசி 1989இல் வெளியிட்டார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள். அவற்றில் பாதி, நகரத்தின் முகவரிகளில் ஏறக்குறைய 3 சதவீதத்திலிருந்து மட்டும் வந்தவை. எங்கே வேலை பார்க்க வேண்டும் என்று நம் பதிவேடே சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம்தான் அதைத் தேதி வாரியாக மட்டும் படிக்கிறோம், முகவரி வாரியாகப் படிப்பதில்லை.

நான் செய்தது இதுதான். பெரிய மென்பொருள் எதுவும் இல்லை. கடந்த 90 நாளில் அதிக முறை அழைப்பு வந்த 10 முகவரிகள், ஒரே பக்கத்தில். வாராவாரம் ஷிப்ட் தொடங்கும் அறையில் ஒட்டுவேன். முதல் மாதம் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது மாதம் ஒரு காவலர் வந்து, "இதில் மூன்றாவது வரிசையில் இருக்கும் இடம் ஏன் ஒவ்வொரு வாரமும் இருக்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்ட அன்றுதான் எங்கள் இடத்தில் உண்மையில் வேலை தொடங்கியது.

---

முதல்_வருடக்_காவலர்

எல்லாருக்கும் வணக்கம். பணியில் சேர்ந்து ஒரு வருடம் முடியப்போகிறது. தவறாக நினைக்காதீர்கள், எனக்கு நேரம் எங்கே என்று புரியவில்லை. ஒரு ஷிப்டில் 14 அழைப்பு வரை போயிருக்கிறேன். ஒன்று முடிவதற்குள் வயர்லெஸில் அடுத்தது. பதிவுகளை உட்கார்ந்து படிக்க வேண்டுமென்றால் வீட்டுக்குப் போகும் நேரத்தில்தான் படிக்க வேண்டும். ஆரம்பித்துவிட்டு இடமாற்றம் வந்துவிட்டால்?

---

நிழற்குடை

தம்பி, நியாயமான கேள்வி. நேரம் கொடுக்காமல் "நீயே யோசி" என்று சொல்வது மேலதிகாரியின் தப்பு, உங்கள் தப்பு இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்த 14 அழைப்பில் எத்தனை, யாராவது முன்பே ஒன்றைச் சரிசெய்திருந்தால் வந்திருக்காது? திருட்டு அலாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் பொய் அலாரம். காற்று, பூனை, கதவைச் சரியாகச் சாத்தாத ஊழியர். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2000ஆம் ஆண்டின் இறுதியில் விதியை மாற்றினார்கள். அலாரம் நிறுவனத்தின் ஆள் நேரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் காவலர் போவார். காவலர்கள் போக வேண்டிய அலார அழைப்பு ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்தது. அத்தனை மணி நேரம் திரும்பக் கிடைத்தது. நேரம் கிடைத்த பிறகு பிரச்சினையைத் தீர்க்கலாம் என்று காத்திருந்தால் நடக்காது. நேரத்தைத் தின்கிற பிரச்சினை எதுவோ அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

இடமாற்றம் பற்றி என்னிடம் நல்ல பதில் இல்லை. எழுதி வையுங்கள் என்று மட்டும் சொல்வேன். ஒரு பக்கம் போதும்.

---

வாடகைக்_குடியிருப்பு

நான் காவல் துறையில் இல்லை. இந்த இழையை ஆர்வமாகப் படித்தேன், ஆனால் ஒரு பயம் இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும்.

நாங்கள் இருக்கும் குடியிருப்பில் "பிரச்சினைக்குத் தீர்வு" என்ற பெயரில் ஒரு நடவடிக்கை நடந்தது. படிக்கட்டில் மாலையில் உட்காரும் பையன்கள்தான் பிரச்சினை என்று யாரோ முடிவு செய்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதம் அந்தப் பிள்ளைகளை நிறுத்தி நிறுத்திச் சோதனை போட்டார்கள். அவர்கள் வேறு படிக்கட்டுக்குப் போனார்கள். என் மகனும் அதில் ஒருவன். இன்றும் சீருடையைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறான். எங்களுக்கு உண்மையில் பிரச்சினையாக இருந்தது கீழ்த்தளத்தில் எரியாத விளக்குகளும், பூட்டு உடைத்துத் திருடப்பட்ட இரண்டு வீடுகளும்தான்.

பிரச்சினை எது என்று பெயர் வைக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அதை முதலில் சொல்லுங்கள்.

---

வரைபடக்காரி

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. உங்கள் மகனுக்கு நேர்ந்தது பிரச்சினைத் தீர்வு அல்ல. ஆய்வு என்ற படியை விட்டுவிட்டு நேராக நடவடிக்கைக்குத் தாவியது. இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை இது. நல்ல நோக்கத்தோடு வருகிறவர்களும் செய்கிறார்கள்.

முறை இப்படி இருக்க வேண்டும். முதலில் திரும்பத் திரும்ப நடக்கும் ஒன்றைக் கண்டுகொள்வது. பிறகு ஏன், எங்கே, எப்போது, யாருக்கு என்று அலசுவது. அதற்குப் பொருந்துகிற ஒன்றைச் செய்வது. கடைசியில், குறைந்ததா என்று நேர்மையாகப் பார்ப்பது. 1987இல் ஜான் எக், வில்லியம் ஸ்பெல்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்து நியூபோர்ட் நியூஸ் காவல் துறையோடு வேலை செய்து இந்த நான்கு படிகளை வகுத்தார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து சாரா என்று சொல்வார்கள்.

அந்த நகரத்தில் நடந்தது உங்கள் கதைக்கு நேர் எதிர். நியூ பிரையர்ஃபீல்டு என்று ஒரு குடியிருப்பு. 1942இல் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்களுக்குத் தற்காலிகமாகக் கட்டிய மர வீடுகள், அப்படியே நின்றுபோனவை. நகரத்திலேயே அதிக வீட்டுத் திருட்டு அங்கேதான். காவலர்கள் வீடு வீடாகப் போய்க் குடியிருப்பவர்களிடம் கேட்டார்கள். உளுத்துப்போன சன்னல், சாத்தாத கதவு, குப்பை, காலி வீடுகள் என்று மக்களே சொன்னார்கள். திருட்டுக்கும் கட்டடம் இருந்த நிலைக்கும் தொடர்பு இருந்தது. தீயணைப்பு, வீட்டுவசதி, பொதுப்பணி என்று எல்லாத் துறைகளையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். குப்பை அள்ளினார்கள், காலி வீடுகளை அடைத்தார்கள். வீட்டுத் திருட்டு 35 சதவீதம் குறைந்தது.

இங்கிலாந்தின் ராச்டேலில் கிர்க்ஹோல்ட் குடியிருப்பும் அப்படித்தான், 1980களின் பிற்பாதி. பல வீடுகளில் காசு போட்டால் ஓடும் எரிவாயு, மின்சார மீட்டர்கள். திருடர்கள் வந்தது அந்தக் காசுக்கு. ஒரு முறை திருட்டு நடந்த வீட்டிலேயே மறுபடியும் நடப்பது அதிகம் என்றும் தெரிந்தது. மீட்டர்களை மாற்றினார்கள். திருட்டு நடந்த வீட்டைச் சுற்றியுள்ள சில வீட்டாரைக் கொஞ்ச நாள் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று வருடத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி குறைந்தது. இந்த இரண்டு இடத்திலும் முதலில் அங்கே வாழ்கிறவர்களிடம் கேள்வி கேட்டார்கள்.

பெயர் வைக்கிற அதிகாரம் பற்றி: ஒரு வகை மனிதர்களைப் பிரச்சினை என்று எழுதவே கூடாது. எங்கள் படிவத்தில் நான் அதை அனுமதிப்பதில்லை. "படிக்கட்டுப் பையன்கள்" என்று எழுதினால் திருப்பி அனுப்புவேன். என்ன தீங்கு, யாருக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று எழுத வேண்டும். அப்படி எழுத முயன்றாலே பாதி நேரம், தீங்கு எதுவும் இல்லை, பார்க்கப் பிடிக்கவில்லை அவ்வளவுதான் என்று தெரிந்துவிடும். நீங்கள் எழுதியதைத்தான் நான் எங்கள் ஆட்களுக்குப் படித்துக் காட்டப் போகிறேன், அடையாளம் எதுவும் இல்லாமல்.

---

பழைய_ரோந்து

ஒரு சந்தேகம் மேடம். இங்க அடைச்சா அங்க போகும்னு சொல்வாங்களே? கதவைப் பூட்டினா திருடன் அடுத்த தெருவுக்குப் போவான். கடைசியில கணக்கு ஒண்ணுதானே?

---

வரைபடக்காரி

எல்லாரும் கேட்கிற கேள்வி ஐயா. போவதும் உண்டு, ஆனால் நாம் நினைக்கிற அளவு இல்லை. இப்படி இடத்தையும் வாய்ப்பையும் மாற்றிய முயற்சிகளின் 102 மதிப்பீடுகளை 2009இல் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் இருந்த தனித்தனி ஒப்பீடுகளில், குற்றம் இடம் மாறியது தெரிந்தவை சுமார் 26 சதவீதம். அதே அளவுக்கு, 27 சதவீதத்தில், பக்கத்து இடங்களிலும் சேர்ந்து குறைந்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் மேற்கு ஜெர்மனி. 1980இல் தலைக்கவசம் போடாதவர்களுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள், விபத்துக்காக. ஆனால் மோட்டார் சைக்கிள் திருட்டு சில வருடங்களில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. யோசித்துப் பாருங்கள், திடீரென்று வண்டியைத் திருடுகிறவன் கையில் தலைக்கவசம் இருக்காது, போடாமல் ஓட்டினால் உடனே மாட்டுவான். அவர்கள் எல்லாரும் காரைத் திருடப் போய்விடவில்லை. பலர் வாய்ப்பு கண்ணில் பட்டதால் திருடியவர்கள், வாய்ப்பு போனதும் விட்டுவிட்டார்கள்.

மொத்தமாகப் பார்த்தால், 2020இல் வந்த மறுஆய்வு 34 மதிப்பீடுகளைச் சேர்த்தது. பிரச்சினை மையக் காவல் நடந்த இடங்களில், நடக்காத இடங்களோடு ஒப்பிட்டால், குற்றமும் ஒழுங்கின்மையும் 34 சதவீதம் குறைவு. இது சிறிய விஷயமே இல்லை.

---

உள்ளாட்சி_மேசை

உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் இருக்கிறேன். காவல் துறையிடமிருந்து எங்களுக்குக் கடிதங்கள் வரும். "மேற்படி இடத்தில் போதிய வெளிச்சம் இல்லாததால் தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." மனசாட்சியோடு சொல்கிறேன், அந்தக் கடிதத்தை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கம்பம்? எத்தனை நாளாக? இதற்கு முன்னால் காத்திருக்கும் 200 விளக்குகளைவிட இது ஏன் அவசரம்?

ஒரே ஒரு முறை ஒரு பெண் காவலர் நேரில் வந்தார். கையால் வரைந்த ஒரு படம். ஐந்து கம்பங்களின் எண்கள். அந்த ஐந்துக்கும் கீழே ஆறு மாதத்தில் நடந்த ஒன்பது பறிப்புகள், தேதியோடு. "எது முதலில் முடியும், எப்போது வந்து பார்க்கட்டும்?" என்றார். மூன்று நாளில் முடித்தோம். அந்தப் படத்தை மேலிடத்தில் காட்டினேன், யாரும் மறுக்கவில்லை. அடுத்த மாதம் அவர் மறுபடி வந்து, என்ன ஆனது என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை எந்தக் காவலரும் திரும்பி வந்து சொன்னதில்லை. அவருக்காக இன்றும் எதையும் முன்னே தள்ளுவேன்.

---

நிழற்குடை

திரும்பி வந்து சொல்வது. இதை நான் யோசித்ததே இல்லை. எங்கள் கடிதங்களும் நீங்கள் சொன்ன அதே வாசகத்தில்தான் போகின்றன. நாளைக்கே நிறுத்துகிறேன்.

பழைய ரோந்து ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் அந்தக் கூட்டத்தில் மேலதிகாரி வேறு என்ன கேட்டிருந்தால் நீங்கள் எழுதிக் கொடுப்பதை நிறுத்தியிருக்க மாட்டீர்கள்?

---

பழைய_ரோந்து

ரெண்டு நாளா யோசிச்சேன் சார்.

"இந்த வாரம் உன் பீட்ல எது திரும்ப வந்துச்சு, ஏன்?" இதைக் கேட்டிருந்தா போதும். பதில் தெரியலைன்னா பரவாயில்ல, அடுத்த வாரம் தெரிஞ்சுக்கிட்டு வான்னு சொல்லியிருந்தா போதும். அந்த ரெண்டாவது வழியை அடைக்க ஒரு போன் பண்ணியிருந்தா, நான் சாகுற வரைக்கும் அவரைப் பத்திப் பேசியிருப்பேன்.

இன்னொண்ணு. செஞ்சு பார்த்தது பலிக்கலைன்னா அதைச் சொல்ல ஆளுக்குத் தைரியம் வரணும். பலிக்கலைன்னு சொன்னவனை எல்லார் முன்னாடியும் திட்டினா, அடுத்த தடவை எல்லாருமே பலிச்சதுன்னுதான் எழுதுவான். எங்க காலத்துல ரிப்போர்ட்ல எல்லாமே பலிச்சிருக்கு. தெருவுல ஒண்ணும் பலிக்கல.

பதவி உயர்வுக்கு நேர்காணல் எடுக்கிறப்பவும் கேட்கணும். நீ எத்தனை பேரைப் பிடிச்சேன்னு கேளுங்க, தப்பில்ல. கூடவே, நீ போன பிறகு எந்த இடத்துல வேலை குறைஞ்சதுன்னும் கேளுங்க.

---

வரைபடக்காரி

ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். பெரிதாக எதிர்பார்த்துவிட்டு மனம் உடையாதீர்கள். அமெரிக்காவின் சான் டியேகோ இந்த முறைக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்ற காவல் துறை. அங்கேயே சாதாரணக் காவலர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து 2005இல் ஓர் ஆய்வு வந்தது. சின்னச் சின்னப் பிரச்சினை, மேலோட்டமான அலசல், சொந்த அனுபவத்தை வைத்து முடிவு, மதிப்பீடு குறைவு என்றே இருந்தது. தோல்வி என்று நான் படிக்கவில்லை. காவலர் சின்னதாகச் செய்யட்டும். நிழற்குடை சாரின் பூட்டு மாதிரி. ஆழமாக அலச வேண்டியதை என் மாதிரி ஆட்கள் கூட உட்கார்ந்து செய்ய வேண்டும். எல்லாச் சுமையையும் பீட் காவலர் தலையில் வைத்துவிட்டு, அவர் செய்யவில்லை என்று சொல்வது அநியாயம்.

---

முதல்_வருடக்_காவலர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வரைபடக்காரி மேடம் சொன்னபடி 90 நாள் பட்டியலை நானே கையால் எழுதினேன். இரவுப் பணியில், அழைப்பு இல்லாத நேரத்தில். நான் நினைத்த மதுக்கூடமோ சந்தையோ முதலிடத்தில் இல்லை. குழந்தைகள் இல்லம். "காணவில்லை" என்று 19 புகார். நானே நான்கு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தேடிப் பிடித்து, இரவு இரண்டு மணிக்குத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம்.

19இல் 15, இரண்டே பிள்ளைகள். எல்லாமே ஞாயிற்றுக்கிழமை மாலை. என் நிலைய அதிகாரியிடம் காட்டினேன். நான்கு மணி நேரம் கொடுத்தார், வயர்லெஸ் இல்லாமல். நாளைக்கு அங்கே போகிறேன். காப்பாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

---

வாடகைக்_குடியிருப்பு

காப்பாளரிடம் கேளுங்கள், ஆனால் கடைசியில். முதலில் அந்த இரண்டு பிள்ளைகளிடம் கேளுங்கள். ஏன் ஓடினாய் என்று கேட்காதீர்கள், அது திட்டுவது மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்ன நடக்கும் என்று கேளுங்கள். முடிந்தால் சீருடை இல்லாமல் போங்கள்.

---

முதல்_வருடக்_காவலர்

சீருடை இல்லாமல்தான் போனேன். பெரியவன் ஒரு மணி நேரம் பேசவே இல்லை, அப்புறம் பேசினான். இருவரும் அண்ணன் தம்பி. ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரம் மூன்று மணிக்கு முடிந்துவிடுகிறது. அவர்கள் அம்மாவுக்கு வேலை முடிவதே நான்கு மணிக்கு. மூன்று மாதமாக அவரால் வந்து பார்க்க முடியவில்லை. பிள்ளைகள் ஓடிப்போய் நின்ற இடம் அம்மா வேலை பார்க்கும் கட்டடத்தின் வாசல். நான் அவர்களைப் பிடித்த நான்கு முறையும் அந்தத் தெருவில்தான் பிடித்தேன். ஏன் அந்தத் தெரு என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

காப்பாளர் ஐந்து மணி வரை நீட்டிக்க ஒப்புக்கொண்டார், மேலே எழுதிக் கேட்க வேண்டுமாம். கடிதத்தை அவரோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதினேன், 19 தேதிகளையும் போட்டு. அனுமதி வரும்வரை இந்த ஞாயிறு மட்டும் அம்மாவை உள்ளே விடுவதாகச் சொல்லியிருக்கிறார். நான்கரை மணிக்கு நானும் அங்கே இருப்பேன்.